ஸ்டெர்லிங் ஹேடன் நடிப்பை வெறுத்தாரா?

காட்ஃபாதர் படத்தில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே சுடப்பட்டுச் சாகும் அந்தப் போலீஸ் கேப்டன் யார் என்று தேடப்போய், அமெரிக்க நடிகர் ஸ்டெர்லிங் ஹேடனைப் பற்றி நிறையப் படித்திருக்கிறீர்கள். மாலுமியாக இருந்தவர், போரில் உளவுத்துறைக்காக ஆயுதம் கடத்தியவர், கம்யூனிஸ்டாக இருந்து பிறகு தோழர்களைக் காட்டிக்கொடுத்தவர், கடைசிவரை நடிப்பை வெறுத்தவர். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஸ்டூடியோ கட்டிவிட்ட கதை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது கேள்வியின் கடைசி வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. தொழிலை வெறுத்த ஒருவர் எப்படி இவ்வளவு நன்றாக நடித்தார்?

நான் இருபத்திரண்டு வருடமாக நடிப்புப் பயிற்சி கொடுத்துவருகிறேன். ஹேடனின் நாலைந்து காட்சிகளை வகுப்பில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவருடைய சுயசரிதையை மூன்று முறை படித்திருக்கிறேன். ஆனால் நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை. அதனால் அவர் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும்போது, பதிவுகளில் இருப்பது எது, அவர் வாய்மொழியாக மட்டும் வந்தது எது என்று பிரித்துச் சொல்கிறேன். நடிப்பைப் பற்றிச் சொல்வது என் கண்ணுக்குப் பட்டது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடல். இதில் சந்தேகமே வேண்டாம். ஹேடன் 1916 மார்ச் 26-ஆம் தேதி நியூ ஜெர்சியில் பிறந்தார். பிறந்தபோது பெயர் ஸ்டெர்லிங் ரெல்யா வால்டர். ஒன்பது வயதில் அப்பா இறந்துபோக, அம்மாவை மறுமணம் செய்தவர் தத்தெடுத்ததால் ஹேடன் ஆனார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு பதினாறு வயது வாக்கில் பாய்க்கப்பலில் வேலைக்குப் போனார். நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் என்ற மீன்பிடித் திட்டில் மீன்பிடித்தார். யாங்கி என்ற ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்தார். 1938-ல் அமெரிக்க, கனடிய மீன்பிடி ஸ்கூனர்களுக்கு இடையே நடந்த புகழ்பெற்ற பந்தயத்தில், கனடாவின் புளூநோஸை எதிர்த்து ஓடிய கெர்ட்ரூட் எல். தீபாட் கப்பலில் அவரும் இருந்தார். அதே காலத்தில், இருபத்திரண்டு வயதில், ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்ற கப்பலுக்குத் தலைவனாகி, மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறைமுகத்திலிருந்து தாஹிட்டி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். இருபத்திரண்டு வயது! இது எதுவும் விளம்பரத்துக்காக இட்டுக்கட்டியது இல்லை. கேமரா முன்னால் நிற்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

இட்டுக்கட்டல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 6 அடி 5 அங்குல உயரம், வெளிர்ந்த தலைமுடி, வெயிலில் காய்ந்த முகம். பந்தயச் செய்திகளில் அவர் படம் வந்ததும் ஹாலிவுட்டின் கண்ணில் பட்டார். 1940-ல் பாராமவுண்ட் ஒப்பந்தம் போட்டது. 'சினிமாவிலேயே மிக அழகான ஆண்' என்றும் 'வைக்கிங் தெய்வம்' என்றும் அவரை விற்றார்கள். 1941-ல் வந்த வர்ஜீனியா, பஹாமா பாசேஜ் இரண்டும் அப்படி விற்கப்பட்ட படங்கள். இரண்டிலும் மேடலின் கரோல் கதாநாயகி. 1942-ல் அவரையே மணந்துகொண்டார். அந்தப் படங்களில் ஹேடனின் நடிப்பு மோசம் என்று சொன்னால் தவறில்லை. உடம்பு மரக்கட்டையாக நிற்கும், வசனம் ஒப்பிப்பதுபோல வரும். அவருக்கே அது தெரிந்திருந்தது. இரண்டு படம் முடிந்ததும் புகழையும் சம்பளத்தையும் உதறிவிட்டுப் போருக்குக் கிளம்பிவிட்டார்.

போர்க்கால வாழ்க்கையும் ஆவணங்களில் உள்ளதுதான். முதலில் ஸ்காட்லாந்தில் கமாண்டோ பயிற்சி. பாராசூட்டில் குதித்ததில் காலில் அடிபட்டது. பிறகு அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தார். நடிகன் என்று யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக ஜான் ஹாமில்டன் என்று பெயரையே மாற்றிக்கொண்டார். அங்கிருந்து, இன்றைய சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். அவரை எடுத்துக்கொண்டது. தெற்கு இத்தாலிக் கரையிலிருந்து ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டி, ஜெர்மானியக் காவலுக்கு நடுவே, யூகோஸ்லாவியாவில் டிட்டோவின் தலைமையில் போராடிய கெரில்லாக்களுக்கு ஆயுதமும் பொருட்களும் கொண்டுபோனார். வீரத்துக்கான சில்வர் ஸ்டார் விருது கிடைத்தது. டிட்டோவின் அரசும் பாராட்டியது. திரையில் வீரனாக வந்த எத்தனையோ பேரைவிட இவர் நிஜத்தில் அதிகம் பார்த்தவர்.

அந்த கெரில்லாக்களில் கம்யூனிஸ்டுகள் அதிகம். அவர்கள் பட்ட கஷ்டத்தையும் அவர்களுடைய துணிச்சலையும் பார்த்து ஹேடன் மனசு மாறினார். ஊர் திரும்பிய பிறகு, 1946-ல் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். சில மாதங்கள்தான் இருந்தார். அந்த வருடம் முடிவதற்குள் விலகிவிட்டார். 1947-ல், திரைத்துறையில் கம்யூனிஸ்டுகளைத் தேட அமெரிக்கக் கீழவையின் விசாரணைக் குழு கிளம்பியபோது, அதை எதிர்த்து ஹம்ஃப்ரி போகார்ட், லாரன் பகால், ஜான் ஹூஸ்டன் முதலானோர் வாஷிங்டனுக்கு விமானத்தில் போனார்கள். அந்த விமானத்தில் ஹேடனும் இருந்தார்.

நான்கு வருடம் கழித்து அதே குழுவின் முன்னால் அவரே உட்கார்ந்தார். 1950-ல் கொரியப் போர் தொடங்கியதும், பழைய கட்சித் தொடர்பு எப்படியும் வெளியே வந்துவிடும் என்று பயந்து, வக்கீல் மூலமாக எஃப்.பி.ஐ.யிடம் தானே போய் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு பின்வாங்க வழியில்லை. 1951 ஏப்ரல் 10-ஆம் தேதி பகிரங்கமாகச் சாட்சி சொன்னார். தான் கட்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. தன்னோடு இருந்தவர்களின் பெயர்களையும் சொன்னார். ஒரு காலத்தில் தனக்கு நெருக்கமாக இருந்த ஒரு பெண்ணின் பெயரும் அதில் இருந்தது. அந்தக் குழுவின் முன்னால் பெயர் வந்துவிட்டால் ஒருவருக்கு ஸ்டூடியோக்களில் வேலை கிடைக்காது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். ஹேடனுக்கும் தெரியும்.

இதுவரைக்கும் பதிவில் உள்ளது. ஏன் சொன்னார் என்பதில்தான் கவனமாக இருக்க வேண்டும். ஒத்துழைக்காவிட்டால் பிள்ளைகளை வளர்க்கும் உரிமையை மறந்துவிடலாம் என்று எஃப்.பி.ஐ. தெளிவாகச் சொன்னதாகவும், சிறைக்குப் போகவும் தனக்கு மனசில்லை என்றும் ஹேடன் பின்னாளில் சொன்னார். அவர் சொன்ன பெயர்கள் எல்லாம் குழுவிடம் ஏற்கெனவே இருந்தவைதான் என்று அவருடைய இரண்டாவது மனைவி சொல்லியிருக்கிறார். இரண்டுமே சம்பந்தப்பட்டவர்களின் வார்த்தைகள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன என்பதால் குற்றம் குறைந்துவிட்டது என்று ஹேடனே நினைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெயர் சொன்னவர்களில் பலர் பிறகு 'நாட்டுக்காகச் செய்தேன்' என்றார்கள், அல்லது வாயே திறக்கவில்லை. ஹேடனோ 1963-ல் வந்த சுயசரிதையில், தான் ஒரு காட்டிக்கொடுப்பவன் என்று எழுதினார். அந்த நாளிலிருந்து தன்மீதே தனக்கு எவ்வளவு வெறுப்பு என்பதை மூடிமறைக்காமல் எழுதினார். பேட்டிகளிலும் கடைசிவரை அதையே சொன்னார். அது பாதிக்கப்பட்டவர்களுக்கு வேலையைத் திருப்பித் தரவில்லை. ஹேடனுக்கோ சாட்சியம் சொன்ன பிறகு படங்கள் வந்துகொண்டேயிருந்தன. 1951-லிருந்து 1958 வரை இருபதுக்கும் மேல். அந்தக் கணக்கையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான கருத்தைச் சரிசெய்ய வேண்டும். குற்றவுணர்ச்சிதான் ஹேடனை நடிகனாக்கியது என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதி இடிக்கிறது. அவருடைய முதல் பெரிய நடிப்பு, ஜான் ஹூஸ்டன் இயக்கிய தி அஸ்ஃபால்ட் ஜங்கிள். அது வந்தது 1950-ல், சாட்சியத்துக்கு முந்திய வருடம். ஆக, ஏதோ ஒன்று அதற்கு முன்பே அவரிடம் இருந்திருக்கிறது. அது என்ன என்பதை அந்தப் படத்தை வைத்தே பார்க்கலாம்.

அதில் அவர் டிக்ஸ் ஹேண்ட்லி என்ற அடியாள். நகைக் கொள்ளை ஒன்றில் கூலிக்குச் சேர்கிறவன். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கென்டக்கியில் அவன் குடும்பம் இழந்துபோன பண்ணை. சின்ன வயதில் பார்த்த ஒரு கறுப்புக் குதிரைக்குட்டியைப் பற்றி அவன் பேசும் காட்சி உண்டு. அதில் ஹேடன் குரலை உயர்த்துவதே இல்லை. சோகமாகவும் பேசவில்லை. எதிரே இருப்பவளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஆள் இந்த அறையில் இல்லை, எங்கோ இருக்கிறான் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசியில் குண்டடி பட்டு, ரத்தம் சொட்டச் சொட்டக் காரோட்டிக்கொண்டு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்து, புல்வெளியில் தடுமாறி நடந்து விழுகிறான். குதிரைகள் மெல்ல வந்து முகர்ந்து பார்க்கின்றன. வகுப்பில் இந்தக் காட்சியைப் போட்டதும் யாராவது ஒருவர் 'அவர் நடிக்கவே இல்லையே சார்' என்று சொல்லாமல் இருந்ததில்லை.

அவர் நடிக்கத்தான் செய்கிறார். ஆனால் அவரிடம் இருந்த கருவிகள் குறைவு. பயிற்சி பெற்ற நடிகனுக்கு முகத்தை மாற்றத் தெரியும், உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே இன்னொன்றைக் காட்டத் தெரியும். ஹேடனுக்கு அது வரவே இல்லை. இருக்கும் இடத்தில் இருக்கப் பிடிக்காத மனிதனை மட்டும் அவரால் முழுசாகக் காட்ட முடிந்தது. ஏனென்றால் அவரே படப்பிடிப்புத் தளத்தில் அப்படித்தான் நின்றார். அவருக்குக் கடல், டிக்ஸுக்குப் பண்ணை. காதல் படத்தில் கண்ணில் குறையாகத் தெரிந்த அந்த விலகல், இந்த மாதிரிப் பாத்திரத்தில் அப்படியே பொருந்திப்போனது. ஹூஸ்டன் இதைப் பார்த்துவிட்டுத்தான் அவரைப் போட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, கைகள். சில வருடங்களுக்கு முன் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து ஒரு பையன் என் வகுப்புக்கு வந்தான். அப்பாவோடு ஃபைபர் படகில் தொழிலுக்குப் போய்வந்தவன். சும்மா நின்று வசனம் பேசச் சொன்னால் தவித்துப்போவான், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது. ஒருநாள் ஒரு கயிற்றைக் கொடுத்து, முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசு என்றேன். குரலே மாறிவிட்டது. வேலை செய்து பழகிய உடம்புக்கு வெறுங்கை ஒரு தண்டனை. ஹேடனின் நல்ல இயக்குநர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஜானி கிதார் படத்தில் அவருடைய பெரிய கையில் ஒரு சின்னக் காபிக் கோப்பை. டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்வில் சுருட்டு. தி லாங் குட்பையில் கைத்தடி. கையில் பொருள் இருக்கும்போது அவர் எவ்வளவு இலகுவாக இருக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

ஐம்பதுகளில் அவர் நடித்த படங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கௌபாய் படங்கள், சண்டைப் படங்கள். படகுக்கும் குடும்பத்துக்கும் வழக்குக்கும் பணம் வேண்டியிருந்தது, வந்ததையெல்லாம் நடித்தார். நடிப்பை வெறுத்ததாக அவர் சொன்னதெல்லாம் இந்தக் காலத்தை மனதில் வைத்துத்தான் என்பது அவர் புத்தகத்தைப் படித்தால் புரியும். ஆனால் இந்தக் குவியலுக்குள் இரண்டு ரத்தினங்கள் உண்டு.

ஒன்று, நிக்கோலஸ் ரே இயக்கிய ஜானி கிதார், 1954. தனக்குக் கிதாரும் வாசிக்க வராது, குதிரையும் சரியாக ஓட்ட வராது என்று ஹேடன் பிறகு சொல்லிக்கொண்டார். படத்தின் உண்மையான நாயகி ஜோன் கிராஃபோர்டுதான். ஆனால் ராத்திரியில் இருவரும் தனியாகப் பேசும் காட்சியில், இத்தனை வருடமும் எனக்காகக் காத்திருந்தாய் என்று பொய்யாவது சொல் என்று கேட்கிறான் ஜானி. அவள் அதை உணர்ச்சியே இல்லாமல் அப்படியே திருப்பிச் சொல்கிறாள். ஹேடன் அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு நிற்கும் நிலை இருக்கிறதே, அதை இன்றும் என்னால் விளக்க முடிவதில்லை. இதே படத்தில், ஊர்க் கும்பல் ஒரு சின்னப் பையனைப் பிடித்து, அவள் பெயரைச் சொன்னால் உயிரோடு விடுகிறோம் என்று மிரட்டுகிறது. அவன் சொல்கிறான். சொன்ன பிறகும் தூக்கில் போட்டுவிடுகிறார்கள். கும்பலின் தலைவர்களில் ஒருவராக வருபவர் வார்ட் பாண்ட், நிஜத்திலும் திரைத்துறையில் கம்யூனிஸ்டுகளைத் துரத்தியவர்களில் முக்கியமானவர். மூன்று வருடம் முன்பு பெயர் சொன்ன ஹேடன், இந்தப் படத்தின் நடிகர் பட்டியலில் அவரோடு சேர்ந்து நிற்கிறார்.

இரண்டாவது, ஸ்டான்லி குப்ரிக்கின் தி கில்லிங், 1956. குதிரைப் பந்தய மைதானத்தைக் கொள்ளையடிக்கும் கதை. ஹேடன்தான் திட்டம் போடுகிறவன். எல்லாம் சரியாக நடந்து, கடைசியில் விமான நிலையத்தில் ஒரு சின்ன நாய் குறுக்கே ஓடியதால் பெட்டி விழுந்து திறந்து, பணமெல்லாம் காற்றில் பறக்கிறது. ஓடிவிடலாம் என்று கூட வந்த காதலி கெஞ்சுகிறாள். ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான் என்கிற மாதிரி ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடுகிறான். வேறு நடிகராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பெருமூச்சாவது விட்டிருப்பார்.

அப்புறம் தாஹிட்டி. 1893-ல் கட்டப்பட்டு, சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில், வரும் கப்பல்களுக்கு வழிகாட்டிகளை ஏற்றிச்செல்லும் பைலட் படகாக உழைத்துத் தேய்ந்த பழைய ஸ்கூனர் ஒன்றை வாங்கி, வாண்டரர் என்று பெயர் வைத்திருந்தார். இரண்டாவது மனைவியோடு நடந்த விவாகரத்தில் நான்கு பிள்ளைகளும் அவரிடம் வந்திருந்தார்கள். பிள்ளைகளை நெடுந்தூரக் கடல் பயணத்துக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. 1959 ஜனவரியில் தடையை மீறி, நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு தாஹிட்டிக்குப் பாய் விரித்துவிட்டார். திரும்பி வந்து நீதிபதி முன் நின்றபோது தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பத்திரிகைகள் இதை வீரச்செயலாகக் கொண்டாடின. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பழைய மரக்கப்பலில் குழந்தைகளைப் பசிபிக்கில் கொண்டுபோவது சரியா என்று தாய் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்திலிருந்துதான் அந்தச் சுயசரிதை பிறந்தது. கப்பலின் பெயரே புத்தகத்தின் பெயர். நடிகர்கள் எழுதிய வாழ்க்கை வரலாறுகளில், தன்னை உயர்த்திக்கொள்ள எழுதப்படாத ஒன்று என்று நான் தயங்காமல் கைகாட்டுவது அதைத்தான்.

இனி, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருப்பதிலேயே நல்ல பதில். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ், 1964. ஐந்தாறு வருடம் கேமரா பக்கமே போகாமல் இருந்துவிட்டு, குப்ரிக் கூப்பிட்டதால் இங்கிலாந்து போனார். முதல் நாளே வசனம் நாக்கில் வரவில்லை. டேக் மேல் டேக். வியர்த்துக் கொட்டிவிட்டது. குப்ரிக்கிடம் போய் மன்னிப்புக் கேட்டபோது, உங்கள் முகத்தில் இருக்கும் அந்தப் பயமே நமக்குப் பயன்படலாம் என்ற மாதிரி ஏதோ சொல்லி அமைதிப்படுத்தினார் என்று ஹேடனே சொல்லியிருக்கிறார். பாத்திரத்தின் பெயர் ஜாக் டி. ரிப்பர், விமானப்படைத் தளபதி. குடிநீரில் ஃப்ளோரைடு கலப்பது கம்யூனிஸ்டுகளின் சதி, அது நம் உடம்பின் தூய்மையைக் கெடுக்கிறது என்று நம்பி, சோவியத் யூனியன்மீது அணுகுண்டு விமானங்களை ஏவிவிடுகிறான். கேமராவைத் தாடைக்குக் கீழே வைத்து எடுத்த அந்த க்ளோஸ்-அப்பை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். வாயில் சுருட்டு, முகம் ஒரு மலை மாதிரி. பைத்தியக்காரன் பேசுகிறான், ஆனால் ஒரு சொல்லில்கூட ஹேடன் சிரிப்பு வரவழைக்க முயலவில்லை. குலதெய்வத்தைப் பற்றிப் பேசுகிற பக்தியோடு ஃப்ளோரைடைப் பற்றிப் பேசுகிறார். அதனால்தான் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்ததும் குளிர்கிறது.

அவனுடைய கடைசிக் காட்சிதான் முக்கியம். தளம் வீழ்ந்துவிட்டது. விமானங்களைத் திரும்ப அழைக்கும் ரகசியக் குறியீடு அவனுக்கு மட்டும்தான் தெரியும். சித்திரவதை செய்து கேட்பார்கள். பீட்டர் செல்லர்ஸ் நடிக்கும் பிரிட்டிஷ் அதிகாரியிடம், நீ போர்க்கைதியாக இருந்திருக்கிறாயா, உன்னைச் சித்திரவதை செய்தார்களா என்று விசாரிக்கிறான். சித்திரவதையை என்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று தெரியவில்லை என்கிறான். பிறகு குளியலறைக்குள் போய்த் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். அந்த வரியைச் சொல்லும்போது அவர் குரலில் தளபதி இல்லை. மிகச் சாதாரணமாக, கொஞ்சம் வெட்கத்தோடு வருகிறது. யாரும் அடிக்காமலே, மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள் என்று பெயர்களைக் கொடுத்துவிட்டு வந்த ஒருவர் அந்த வரியைச் சொல்கிறார். அன்று அவர் மனதில் 1951 இருந்ததா? அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, நடிகனின் மனதுக்குள் புகுந்து பார்க்கிற வித்தை எனக்கும் இல்லை. அந்த வசனம் எழுதியவர்களுடையது. ஆனால் அவருடைய கதை தெரிந்த பிறகு அந்தக் காட்சியை வேறுவிதமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

காட்ஃபாதரில் அவருக்குச் சில காட்சிகள்தான். கேப்டன் மெக்லஸ்கி, அல் பசினோவின் தாடையில் குத்தும் ஊழல் போலீஸ்காரன். சுடப்படுவதற்கு முன் அவர் கறியை ரசித்துத் தின்னும் விதத்தை மட்டும் பாருங்கள். பக்கத்தில் இருவர் உயிர் போகிற விஷயம் பேசுகிறார்கள், அவருக்கு அந்தத் தட்டுதான் உலகம். இத்தனைக்கும் 1972-ல் அவருக்கு ஐம்பத்தாறு வயது.

அதற்கு அடுத்த வருடம் வந்த ராபர்ட் ஆல்ட்மனின் தி லாங் குட்பைதான் எனக்கு மிகப் பிடித்தது. அந்த வேடத்துக்கு முதலில் தேர்வான நடிகர் டான் பிளாக்கர் இறந்துபோனதால்தான் அது ஹேடனுக்கு வந்தது. ரோஜர் வேட், எழுத முடியாமல் குடித்துக் குடித்து அழியும் நாவலாசிரியன். ஹேடனும் அந்தக் காலத்தில் நிறையக் குடித்தார், ஒரு பெரிய நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1976-ல் வாயேஜ் என்று அது வெளியானது. கடற்கரையில் கதாநாயகன் எலியட் கௌல்டோடு உட்கார்ந்து பேசும் காட்சியில் வசனத்தின் பெரும்பகுதி இருவரும் அந்த இடத்திலேயே பேசிக்கொண்டது. 1941-ல் மரக்கட்டையாக நின்ற மனிதனா இது என்றிருக்கும். உறுமுகிறார், திடீரென்று குழைகிறார், ஒரு வாக்கியத்தை எங்கோ விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிக்கிறார். சுமாரான நடிகன் ஒருவன் வயதான பிறகு கற்றுக்கொண்டது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அழகாக இருக்க வேண்டிய வேலையிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது. தாடியும் தொப்பையும் வந்த பிறகுதான் அந்த முகம் அவருடையதாக ஆனது.

ஆக, வெறுத்தாரா? நடிகன் என்ற வாழ்க்கையை வெறுத்தார், அதை அவரே பலமுறை சொல்லிவிட்டார். ஸ்டூடியோ, விளம்பரம், முகத்துக்காகக் கொடுக்கப்பட்ட பணம், பணத்துக்காக நடித்த குப்பைகள் எல்லாமே அதில் அடக்கம். ஆனால் ஹூஸ்டனும் குப்ரிக்கும் ஆல்ட்மனும் அழைத்தபோது வந்தார், வந்த இடத்தில் எதையும் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. வெறுப்பு இருந்தும் நன்றாக நடித்தார் என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது, அந்த ஒவ்வாமையைத் துடைத்துவிட்டிருந்தால் டிக்ஸும் இல்லை, ரிப்பரும் இல்லை, வேடும் இல்லை.

கடைசி வருடங்களில் கொஞ்ச காலம் பிரான்ஸில், பெசான்சோன் ஊரில், ஆற்றில் ஒரு தோணியில் வாழ்ந்தார். அங்கே எடுத்த ஜெர்மன் ஆவணப்படம் 1983-ல் வந்தது. நீண்ட வெள்ளைத் தாடியோடு, குடித்தபடி, புகைத்தபடி, மணிக்கணக்காகப் பேசுகிறார். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் பெயர் சொன்னதைப் பற்றிக் கேட்டால் அதில்கூட நழுவவில்லை. 1986 மே 23-ஆம் தேதி கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் புற்றுநோயால் இறந்தார். வயது எழுபது. சாசலிட்டோ சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய ஊர்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அஸ்ஃபால்ட் ஜங்கிள் முதலில், அதற்கு மறுநாள் ஸ்ட்ரேஞ்ச்லவ், சில நாள் இடைவெளி விட்டு லாங் குட்பை. மூன்றாவதில், ராத்திரி நேரத்தில் ரோஜர் வேட் யாரிடமும் சொல்லாமல் கடலுக்குள் நடந்துபோகும் காட்சி வரும். முன்னால் ஜன்னலோரம் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டில் ஒரு சின்ன உருவமாகத்தான் தெரிவார். பேசுபவர்களைப் பார்க்காமல் அந்த உருவத்தின் நடையைப் பாருங்கள். அலை அவ்வளவு பலமாக வந்து மோதுகிறது, அவர் ஒருமுறைகூடத் தயங்குவதில்லை.